டாக்டர் ஏன் குளிக்கவில்லை?

தி.நகரில் ஓர் எவர்சில்வர் பாத்திரக் கடையின் மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு தங்கபுஷ்பம் இதுவரை பதினோரு வெள்ளைக்காரர்களைக் கொன்றிருக்கிறாள். சிலரை விஷம் வைத்து, சிலரை மாடிப்படியில் தள்ளிவிட்டு, ஒரு பாதிரியாரை மட்டும் தேவாலய மணியின் கயிற்றால். எல்லாக் கொலையும் நெதர் பிரம்பிள் என்ற ஒரே ஊரில்தான் நடந்தது. அந்த ஊர் இங்கிலாந்தில் இருக்கிறது. வரைபடத்தில் தேடிப் பிரயோஜனமில்லை. தங்கபுஷ்பமும் இங்கிலாந்தை நேரில் பார்த்ததில்லை. அந்தத் திசையில் அவள் அதிகபட்சம் போனது மீனம்பாக்கம் வரைக்கும், அதுவும் யாரையோ வழியனுப்ப.

கீழே கல்லாவில் புருஷன் அய்யாதுரை. அவருக்குப் பக்கத்தில் வாங்கிய குடத்திலும் தட்டிலும் பெயர் வெட்டித் தருகிற மிஷின் நாள் முழுக்க டர்ரென்று அலறிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்திலேயே நெதர் பிரம்பிளில் பனி பெய்யும், கணப்பில் கட்டை எரியும், கிழட்டுப் பிரபுக்கள் நாய்க்குட்டியைத் தடவிக்கொண்டு செத்துப்போவார்கள். மத்தியானம் ஆனால் அய்யாதுரை மாடிப்படியில் நின்று குரல் கொடுப்பார்.

"ஏட்டி, இன்னைக்கு ஆள் முடிஞ்சிட்டா? முடிச்சிட்டு வா, சோறு ஆறுது."

பாளையங்கோட்டையில் ஆங்கிலம் எம்.ஏ. படித்த காலத்திலிருந்தே அவளுக்கு ஓர் ஆசை. லண்டனில் அச்சடித்த தன் புத்தகத்தை ஓர் இங்கிலீஷ்காரி ரயிலில் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். இதை எழுதினவள் இந்த ஊர்க்காரி இல்லை என்ற சந்தேகம் துளிக்கூட வராமல் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, தன் ஸ்டேஷனில் இறங்கிப் போய்விட வேண்டும். அவ்வளவுதான். பரிசு, பாராட்டு எதுவும் வேண்டாம். முதல் இரண்டு நாவலையும் இங்கேயே ஒரு சின்ன அச்சகத்தில் போட்டார்கள். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு வந்த மாதிரி ஒரு பிரதி வாங்கி, மொய் எழுதின திருப்தியோடு போனார்கள். மூன்றாவதை லண்டன் பதிப்பகம் ஒன்று எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. அட்டையில் போட தங்கபுஷ்பம் என்ற பெயரைக்கூட டி. ஃப்ளவர்ஸ் என்று மொழிபெயர்த்து வைத்துக்கொண்டாள்.

அந்த மூன்றாவது நாவலில்தான் டாக்டர் வந்து சேர்ந்தார்.

கதை இதுதான். சர் எட்கர் என்ற பணக்காரர் சாகிறார். நவம்பர் மாதக் குளிரில் ஊரே திரண்டு தேவாலயத்து மண்ணில் அவரை அடக்கம் செய்கிறது. பிறகு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் அவருடைய மாளிகையில் தேநீருக்குக் கூடுகிறார்கள். துப்பறியும் கிழவி மிஸ் பென்ரோஸ் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்க்கிறாள். பாதிரியார் தலை ஈரம். போஸ்ட்மாஸ்டர் தலை ஈரம். கர்னலின் மீசையில் இன்னும் தண்ணீர் சொட்டுகிறது. டாக்டர் ஹட்சனின் தலை மட்டும் காய்ந்து கிடக்கிறது. ஆக, அடக்கத்துக்கு வந்தேன் என்று டாக்டர் சொன்னது பொய். ஊர் மொத்தமும் குழிமேட்டில் நின்ற நேரத்தில் அவர் மாளிகைக்குள் நுழைந்து விஷப் பாட்டிலை அப்புறப்படுத்தியிருக்கிறார். அப்புறம் கைவிலங்கு, வாக்குமூலம், முற்றும்.

இந்தத் துப்பு தோன்றிய அன்று தங்கபுஷ்பம் சந்தோஷத்தில் சாப்பிடவே இல்லை.

லண்டன் பதிப்பாசிரியர் பெயர் ஃபியோனா. சிவந்த மூக்கும் சிரித்த முகமுமாக ஒருநாள் கம்ப்யூட்டர் திரையில் வந்தாள். நடை அற்புதம் என்றாள். விளக்கு வைத்த பிறகு ஊசி இரவல் கேட்டதற்குப் பாதிரியார் மனைவி முகம் சுளிக்கிற இடம் வெகு நயம் என்றாள். தங்கபுஷ்பம் தலைகால் புரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரே ஒரு சந்தேகம்," என்றாள் ஃபியோனா. "இவர்கள் எல்லாரும் ஏன் குளிக்கிறார்கள்?"

தங்கபுஷ்பத்துக்குக் கேள்வியே புரியவில்லை.

"அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தார்களே."

"ஆமாம். அதற்கு?"

"அதற்குத்தான் குளிக்கிறார்கள்."

ஃபியோனா கொஞ்ச நேரம் திரையில் அப்படியே உறைந்து நின்றாள். நெட் கோளாறோ என்று தங்கபுஷ்பம் வயரை ஆட்டிப் பார்த்தாள்.

"நவம்பரில்?" என்றது திரை.

"வெந்நீர்தான். வேலைக்காரி தண்ணீர் காய வைக்கிறாள் என்று எழுதியிருக்கிறேனே."

ஃபியோனா நல்ல மாதிரி. சிரிக்காமல் சொன்னாள். இங்கிலாந்தில் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து யாரும் குளிப்பதில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தொப்பியைக் கழற்றுவார்கள், ஏதாவது குடிப்பார்கள், சாண்ட்விச் தின்பார்கள். ஆகையால் இந்த நாவலில் டாக்டர் ஒருவர்தான் இங்கிலீஷ்காரர் மாதிரி நடந்துகொள்கிறார், மற்ற எல்லாரையும்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

தங்கபுஷ்பம் நேரே மயிலாப்பூருக்கு ஆட்டோ பிடித்தாள். அங்கே ஸ்ரீலக்ஷ்மி இருக்கிறாள், கல்லூரியில் முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். லஸ் பக்கம் ஒரு வாடகை நூலகத்தில் ஒரே துப்பறியும் நாவலுக்கு இரண்டு பேரும் சண்டை போட்டதில் ஆரம்பித்த சிநேகம். தங்கபுஷ்பம் எது எழுதினாலும் முதலில் படிப்பது அவள்தான். கமா இடம் மாறினால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள்.

விஷயத்தைக் கேட்டதும் ஸ்ரீலக்ஷ்மி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நேக்கும் தோணவே இல்லையேடி. சாவுக்குப் போயிட்டு வந்தா, குளிக்கறா. இதுல என்ன இருக்குன்னு புரட்டிண்டு போயிட்டேன்."

"நம்ம படிச்ச கதையில ஒருத்தர்கூடவா குளிச்சதில்ல?"

இரண்டு பேரும் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு புத்தகமாக இறக்கினார்கள். செத்தவர்கள் ஏராளமாக இருந்தார்கள். அடக்கமும் பக்கம் பக்கமாக இருந்தது. திரும்பி வந்தவர்கள் கையுறையைக் கழற்றினார்கள், உயிலைப் படித்தார்கள், சொத்துக்கு அடித்துக்கொண்டார்கள், ஒருத்தன் அன்று ராத்திரியே விதவையைக் கல்யாணத்துக்குக் கேட்டான். குளித்தவன் மட்டும் அகப்படவில்லை. மூச்சு விட்டான் என்று எந்த நாவலாசிரியரும் தனியாக எழுதுவதில்லை, அது போல இதையும் எழுதாமல் விட்டிருப்பார்கள் என்றுதான் தங்கபுஷ்பம் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். வெள்ளைக்காரன் எழுதாமல் விட்ட இடத்தையெல்லாம் தன் வீட்டுச் சாமானைப் போட்டு அவளே நிரப்பியிருக்கிறாள். அது தெரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது.

"குளிக்காமயே சாண்ட்விச்சைத் தொட்டிருக்கா," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "இவாளைத்தான் ஆத்துல தலகாணிக்குப் பக்கத்துல வச்சிண்டு படிச்சிண்டிருந்தோம்."

ஃபியோனா ஒரு வழியும் சொல்லியிருந்தாள். ஒன்று, துப்பை மாற்றுவது. இல்லாவிட்டால் கதையை அப்படியே தூக்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிடுவது. உங்கள் ஊர், உங்கள் மனிதர்கள், மழை, மாம்பழம், பெரிய குடும்பம். எங்கள் வாசகர்கள் அதைத்தான் மிகவும் விரும்புவார்கள் என்று ஆசையோடு சொன்னாள். தங்கபுஷ்பத்துக்கு மாம்பழம் ஒத்துக்கொள்ளாது, கட்டி வரும்.

"அதைத்தானேடி நானும் தொண்டை வத்தச் சொல்றேன்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "அவா ஊர்க் கதையை அவா எழுதட்டும். நாம நம்ம கதையை அவா பாஷையில எழுதணும். அதுக்குப் பேருதான் போஸ்ட்கொலோனியல். இதை முப்பது வருஷம் கிளாஸ்ல கத்தியிருக்கேன்."

"வெள்ளைக்காரன் இங்க வந்து மூணு மாசம் இருந்துட்டு நம்மளப் பத்தித் தடிதடியா எழுதலையா? அவன் புஸ்தகத்துல நம்மாளு பூரா யானை மேலதான் கடைக்குப் போவான். அவனை யாராவது கேட்டாவளா? நான் நாப்பது வருஷம் அவன் புஸ்தகத்துக்குள்ளேயே குடியிருந்திருக்கேன். நான் எழுதக்கூடாதா?"

"எழுதலாம். ஆனா நீ எழுதறவா குளிக்கறாளே."

தங்கபுஷ்பம் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

வேறு துப்புத் தேடிப் பார்த்தாள். டாக்டரின் பூட்ஸில் சேறு, டாக்டரின் குடையில் இலை. எல்லாம் யாரோ எப்போதோ எழுதிச் சலித்தவை. எழுதிப் பார்த்தால் கதை விறைத்துக்கொண்டு நின்றது. ஃபியோனாவிடமிருந்து மென்மையாக ஒரு நினைவூட்டல் வந்தது. வேண்டாம் என்று சொன்னால் ரயில் இங்கிலீஷ்காரி போய்விடுவாள். மாம்பழத்துக்குச் சம்மதித்தால் புத்தகம் வரும், ஆனால் முதல் பக்கத்திலேயே எழுதினவள் யார் என்று தெரிந்துவிடும். இதை நினைத்து நினைத்துக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. அய்யாதுரை குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்து நங்கநல்லூரில் சண்முகசுந்தரம் அண்ணாச்சி போய்விட்டார். அய்யாதுரைக்குப் பெரியப்பா மகன். பாத்திர வியாபாரத்தில் முதன்முதலில் கைதூக்கிவிட்டவர். கடையை ஆட்கள் பொறுப்பில் விட்டுவிட்டு எல்லாரும் ஓடினார்கள். தங்கபுஷ்பம் மனதார அழுதாள். நல்ல மனுஷன், பார்க்கும்போதெல்லாம் "எத்தனை பேரைக் கொன்னிருக்க தாயி?" என்று கேட்டுச் சிரிப்பவர்.

அழுது முடித்துப் பெண்களோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் மனது தெளிந்தது. துஷ்டி வீட்டுச் சடங்கு ஒவ்வொன்றும் கண்முன்னே நடந்தது. இங்கே இந்தத் துப்பு பாறை மாதிரி நிற்கும். நெதர் பிரம்பிளைக் காலி செய்துவிட்டுத் தெற்கே ஓர் ஊரை உண்டாக்க வேண்டியதுதான். சர் எட்கர் பண்ணையார் ஆகட்டும், டாக்டர் ஹட்சன் டாக்டர் ஞானதுரை ஆகட்டும். வீடு வந்ததும் முதல் காரியமாக மாடியேறிக் கம்ப்யூட்டரைத் திறந்து ஃபியோனாவுக்கு எழுத உட்கார்ந்தாள்.

உங்கள் யோசனை சரிதான், கதையை எங்கள் ஊருக்கே மாற்றிவிடுகிறேன் என்று தொடங்கினாள். விரல் தடையில்லாமல் ஓடியது. எங்கள் ஊரில் இது யாரும் மீற முடியாத வழக்கம் என்று எழுதினாள். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் தலைக்குக் குளிக்காமல் வீட்டுக்குள் எதையும் தொடமாட்டார்கள், ஒரு தம்ளரைக்கூடத் தொடமாட்டார்கள் என்று எழுதிவிட்டு, தொண்டை வறண்டிருந்ததால் பக்கத்திலிருந்த தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

குடித்து முடித்தபோதுதான் கையில் இருப்பது என்னவென்று பார்த்தாள்.

தலையைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் வைத்த எண்ணெய் அப்படியே இருந்தது. கட்டியிருந்தது நங்கநல்லூருக்குக் கட்டிப்போன அதே சேலை. கூடத்தை எட்டிப் பார்த்தாள். மயானம் வரைக்கும் போய்விட்டு வந்த மகன் அஸ்வின் சோபாவில் சம்மணம் போட்டு, வரவழைத்த பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், குளிச்சியாடா?"

"சானிடைசர் போட்டேம்மா."

தங்கபுஷ்பம் கீழே கடைக்கு போன் போட்டாள். பெயர் வெட்டுகிற மிஷின் அலறலுக்கு நடுவே அய்யாதுரை எடுத்தார்.

"நீங்க மயானத்துலேர்ந்து வந்து குளிச்சியளா?"

"எங்கட்டி குளிக்க? ஆடித் தள்ளுபடிக் கூட்டம் வாசல்ல நெரியுது. நேரா கல்லாவுக்கு வந்துட்டேன். கையக் கழுவிட்டேன், கையக் கழுவிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ குளிச்சிட்டியா?"

தங்கபுஷ்பம் போனை வைத்துவிட்டாள்.

டாக்டர் ஞானதுரையைப் பிடிக்க இனி வழியில்லை. கதையை இங்கே கொண்டுவந்தால் ஊர் மொத்தமும் காய்ந்த தலையோடு உட்கார்ந்து காபி குடிக்கும், கொலைகாரன் நடுவில் நிம்மதியாக இருப்பான். இங்கிலாந்தில் யாரும் குளிப்பதில்லை. இங்கேயும் குளிப்பதில்லை. துஷ்டிக்குப் போய்விட்டு வந்து, வெந்நீர் போட்டு, தலைக்கு ஊற்றி, மாற்றுத் துணி உடுத்திக்கொண்டு பிறகுதான் கோப்பையைத் தொடுவது என்று ஒழுங்காக இருக்கிற ஊர் உலகத்திலேயே ஒன்றுதான் பாக்கி. அது நெதர் பிரம்பிள். அதை மாற்றச் சொல்ல இந்த ஃபியோனா யார்?

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, தன் மேலும் கொஞ்சம் இருந்தது. முதலில் போய்த் தலைக்குக் குளித்தாள். துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து, எழுதினதையெல்லாம் அழித்தாள். புதிதாக நாலே வரி எழுதினாள். கதை நெதர் பிரம்பிளில்தான் நடக்கிறது. அங்கே எல்லாரும் குளிப்பார்கள். டாக்டர் மட்டும் குளிக்கமாட்டார். இதில் ஓர் எழுத்தும் மாறாது, வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள்.

அனுப்பின கையோடு கம்ப்யூட்டரை மூடினாள். ஆசை ஆசையாக வளர்த்ததைத் தானே கழுத்தை நெரித்த மாதிரி இருந்தது. பதினோரு கொலை செய்தவளுக்கு இந்தப் பன்னிரண்டாவது தாங்கவில்லை.

பதில் வரவில்லை. ஆடி போய் ஆவணி வந்தது. கல்யாணச் சீர்ப் பாத்திரம் வாங்க ரங்கநாதன் தெருவிலிருந்து கூட்டம் கடை வரை பிதுங்கியது. அய்யாதுரை தினமும் மாடிப்படியில் நின்று ஒன்றும் கேட்காமல், தெரிந்துகொண்டு இறங்கிப்போனார். எழுதாமல் தங்கபுஷ்பத்துக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கீழே இறங்கி வந்து குக்கர் விசில் விற்றாள்.

ஃபியோனாவின் பதில் ஒரு மத்தியானம் வந்தது. பெரிய மடல். தங்கபுஷ்பம் இரண்டு தடவை படித்துவிட்டு ஸ்ரீலக்ஷ்மியை போனில் கூப்பிட்டு, அய்யாதுரையும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

ஃபியோனாவுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லையாம். டெவன் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிற தன் அத்தையிடம் கதையைப் படிக்கக் கொடுத்திருக்கிறாள். எண்பத்தெட்டு வயசு, அந்த ஊரைவிட்டு வெளியே போகாதவள். அத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டாளாம். ஆமாம், என் சின்ன வயசில் எங்கள் ஊரில் இப்படித்தான், அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தால் அப்பா நேரே குளிக்கப் போவார், பின்கட்டில் வெந்நீர் கொதிக்கும் வாசனைகூட ஞாபகம் இருக்கிறது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள் என்றாளாம். தெருவில் இன்னும் இரண்டு கிழவிகளுக்கும் உடனே ஞாபகம் வந்துவிட்டதாம். பதிப்பகத்தில் எல்லாருக்கும் ஒரே குதூகலம். மறந்துபோன ஓர் ஆங்கில வழக்கத்தை மீட்டெடுத்த நாவல் என்று பின்னட்டையில் போடப்போகிறார்கள். எந்த நூலில் இதைக் கண்டுபிடித்தீர்கள், ஆதாரத்தைத் தெரிவித்தால் முன்னுரையில் சேர்த்துக்கொள்கிறோம் என்று முடித்திருந்தாள்.



"அந்த அத்தை பொய் சொல்லுதாளா?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"பொய்யே இல்லடி. நன்னா எழுதியிருந்தா ஞாபகம் வந்துடும். நாம ரெண்டாங்கிளாஸ் படிக்கறச்சே பனி மனுஷனுக்குக் கேரட்ல மூக்கு வரையலையா? வேர்த்து ஊத்திண்டு உக்காந்து பனியை நெனச்சு ஏங்கலையா? எந்தப் பனியைப் பாத்தோம்?"

அய்யாதுரை தாடையைச் சொறிந்தார்.

"அப்ப இதையும் அவிய எடுத்துட்டுப் போயிட்டாவளா?"

 அவர் சொல்வது சரிதான். அம்மா முற்றத்தில் வைத்திருந்த வெந்நீர்த் தவலையும் தனியாக நனைத்துவைத்த சேலையும் இப்போது டெவனில் யாரோ ஒருத்தியின் அப்பாவுக்குச் சொந்தமாகிவிட்டன. திருப்பிக் கேட்கவா முடியும்? கேட்டால் புத்தகம் போய்விடும். கேட்டு வாங்கி வந்தால் மட்டும் இங்கே யார் குளிக்கப்போகிறார்கள்? அப்படி நினைத்ததும் அடிவயிற்றிலிருந்து சிரிப்புக் கிளம்பிவிட்டது. எந்தச் சந்தேகமும் வராமல் ஓர் இங்கிலீஷ்காரி படிக்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டாள்? இந்த அத்தை அதற்கும் மேலே போய், தன் அப்பாவையே பிடித்துக் குளிக்க வைத்துவிட்டாள்.

"என்னடி எழுதப்போறே?" என்றது போன்.

"உள்ளதை எழுதுதேன்."

ஆதாரம் புத்தகம் இல்லை, பழைய குடும்பம் ஒன்றில் நேரில் பார்த்தது என்று ஃபியோனாவுக்கு எழுதினாள். உங்கள் அத்தையிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அவருக்கு வேறென்னவெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று கேட்டுவையுங்கள் என்றும் சேர்த்தாள். அனுப்பிவிட்டு, சோறு ஆறுகிறது என்ற குரலைக் காதில் வாங்காமல், அடுத்த நாவலைத் தொடங்கினாள்.

"கர்னல் பார்ட்லெட் புதுக் கார் வாங்கி வந்த அன்று, நெதர் பிரம்பிளின் பழைய வழக்கப்படி, நாலு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வோர் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மறுநாள் காலை கர்னல் செத்துக் கிடந்தார். மிஸ் பென்ரோஸ் குனிந்து காருக்கு அடியில் பார்த்தபோது, மூன்று பழம்தான் நசுங்கியிருந்தது."